இடது காலுக்கு ஓர் இடம்



சென்னைக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையிலிருந்து 1961 முதல் ஹெரால்டு கார்கள் வெளிவந்தன. மயிலாப்பூரிலும் அடையாறிலும் டாக்டர் வீட்டு வாசலிலும் வக்கீல் வீட்டு வாசலிலும் அந்தக் காரைப் பார்த்தவர்கள் இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அதன் மூலவடிவம் இங்கிலாந்தின் டிரையம்ப் கம்பெனி 1959-இல் கொண்டுவந்த ஹெரால்டு. அதே காரின் சேஸியைக் குட்டையாக்கி, இரண்டு பேர் மட்டும் உட்காரும்படி 1962-இல் டிரையம்ப் செய்த ஸ்போர்ட்ஸ் கார்தான் ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். முன்பக்கம் முழுவதும், மட்கார்டு உட்பட, ஒரே துண்டாக முன்னால் மடங்கித் திறக்கும் அழகு இரண்டுக்கும் பொது. ஹெரால்டைப் பழுதுபார்த்துப் பழகிய நம்மூர் மெக்கானிக்குக்கு ஸ்பிட்ஃபயர் அன்னியமாகத் தெரியாததற்கு இதுதான் காரணம்.

இந்தக் கார்களைச் செய்தவர்கள் ஒன்றே ஒன்றை விட்டுவிட்டார்கள். ஓட்டுகிறவரின் இடது காலை எங்கே வைப்பது?

நம் ஊரில் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறோம். இடது ஓரத்தில் கிளட்ச் பெடல், அதையொட்டி உடனே கியர்பாக்ஸின் மேடு. கார் சின்னது, மேடு அகலம். கியர் மாற்றி முடித்ததும் காலை நகர்த்தி வைக்க இடம் இல்லை. முழங்காலை மடக்கிப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும், அல்லது கிளட்ச் மேலேயே காலைப் போட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் செய்வது இரண்டாவதைத்தான். லஸ் கார்னரிலும் உஸ்மான் ரோட்டிலும் மத்திய கைலாஷ் சிக்னலிலும் ஊர்ந்து போகும்போது வேறு வழியும் தோன்றாது.

அதன் விலை என்ன தெரியுமா? பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் என்ற பாகம் சுழலும் பிரஷர் பிளேட்டின் மேல் போய் அழுத்தும். சில நொடி வேலைக்காகச் செய்யப்பட்ட பாகம் அது. கால் பெடலின் மேலேயே இருந்தால் அது ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும். எம்.ஜி.பி. என்ற இன்னொரு பழைய ஸ்போர்ட்ஸ் காரில் அங்கே உருண்டைக் குண்டுகள் கொண்ட பேரிங்கே கிடையாது. வெறும் கார்பன் வளையம். ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் தேயும். காலின் எடை இன்னும் கொஞ்சம் கூடினால் கிளட்ச் பிளேட்டின் பிடி தளர்ந்து வழுக்கும், சூடேறும், கருகின வாடை வரும். எம்.ஜி.பி.யில் அந்த வளையத்தையோ கிளட்ச் பிளேட்டையோ மாற்ற வேண்டுமானால் இன்ஜினையே இறக்க வேண்டும். இடது காலை ஊன்றிக்கொள்ள ஃபுட்ரெஸ்ட் என்ற, கை நீளத்துக்குக்கூட வராத ஒரு தகடு இல்லாமல் போனதற்கு இத்தனை செலவு.

ஸ்பிட்ஃபயரின் கதவைத் திறந்து, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பெடல் பக்கம் குனிந்து பாருங்கள். கார்பெட்டைத் தூக்கினால் கியர்பாக்ஸ் மேட்டை மூடியிருக்கும் உறை தெரியும். பெரும்பாலான ஸ்பிட்ஃபயர்களில் அது இரும்பு அல்ல, அழுத்திச் செய்த அட்டை. அதன் மேல் காலை ஊன்றினால் உடையும். அந்த உறையைக் கழற்றி, காருக்கு உள்ளிருந்துதான் கியர்பாக்ஸையே வெளியே எடுக்க வேண்டும். ஆகவே ஃபுட்ரெஸ்டை உறையோடு சேர்த்து முடுக்குவதும் தப்பு, உறை வெளியே வரவிடாமல் வழிமறித்து வைப்பதும் தப்பு. தரையோடு அந்த உறையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் வரிசையாக இருக்கும். ஃபுட்ரெஸ்டின் அடிப்பட்டையை அதே துளைகளில் மாட்டினால் பாதி வேலை முடிந்தது. உறையை எடுக்க வேண்டிய நாளில் அதே ஸ்க்ரூவோடு இதுவும் கழன்று வந்துவிடும்.

புதுத் துளை போட்டே ஆகவேண்டுமென்றால் காருக்கு அடியில் படுத்துப் பார்க்காமல் டிரில்லைக் கையில் எடுக்கவே கூடாது. பெட்ரோல் பைப், பிரேக் பைப், பேட்டரி கேபிள் எல்லாம் அந்தப் பக்கம் போகக்கூடும். எம்.ஜி.பி.யில் பேட்டரிகள் சீட்டுக்குப் பின்னால் இருப்பதால் கேபிள் கண்டிப்பாக அடியில்தான் ஓடும். முதலில் வந்த எம்.ஜி.பி.க்களில் ஹெட்லைட்டை டிம் பண்ணும் சுவிட்சும் தரையில்தான். நம் பழைய அம்பாசடரில் காலால் மிதிப்போமே, அதே மாதிரி. அதை மறைத்துவிட்டு ஃபுட்ரெஸ்ட் வைத்தால் ராத்திரியில் எதிரே வருகிறவருக்கு ஆபத்து.

அளவைப் பற்றி அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவசரத்தில் பட்டறைகளில் தவறுவது இங்கேதான். முதலில் தடித்த அட்டையில் வெட்டி வைத்து, ஓட்டும்போது போடும் அதே செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். குதிகால் தரையில் இருக்க வேண்டும். பாதம் சாயும் தகடு, மிதிக்காத நிலையில் கிளட்ச் பெடல் எங்கே இருக்கிறதோ அதே மட்டத்தில், அல்லது ஒரு விரற்கடை உள்ளே தள்ளி இருக்க வேண்டும். அப்போதுதான் காலைத் தூக்காமல் பக்கவாட்டில் நகர்த்தியே பெடலுக்கு வரலாம். பெடலைத் தரைவரை மிதித்துப் பாருங்கள். தகட்டிலோ ஷூவின் ஓரத்திலோ எங்கும் சிக்கக் கூடாது. சிக்கினால் அந்தத் தகடு வேண்டவே வேண்டாம்.

தகட்டுக்கு, வழுக்காத மேடு போட்ட அலுமினிய செக்கர் பிளேட் நல்லது. ஆனால் அலுமினியம் இரும்புத் தரையை நேராகத் தொட்டால், அடையாறு, மயிலாப்பூர் உப்புக்காற்றின் ஈரத்தில் தொட்ட இடம் அரித்துவிடும். நடுவே ஒரு துண்டு ரப்பர் வையுங்கள். பழைய டியூபே போதும். துளையின் விளிம்பில் ரெட் ஆக்சைடு பூசுங்கள், அடியில் அகலமான வாஷர் போடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் தரையை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். மழைக்காலத்துத் தண்ணீர் கார்பெட்டுக்குள் தங்கித் துருவேறிய தரையானால் முதல் வேலை டிங்கரிங்தான்.

தயவுசெய்து வெல்டு மட்டும் வைத்துவிடாதீர்கள். ஐம்பது வயதைத் தாண்டிய கார்களை விண்டேஜ் என்று பதிவு செய்ய மத்திய அரசு 2021-இல் விதி கொண்டுவந்தது. கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். சேஸியிலும் பாடியிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. போல்ட்டில் நிற்கும் ஒரு தகடு பெரிய மாற்றம் ஆகாது என்பது என் கருத்து. ஆனாலும், தடயமில்லாமல் கழற்றும்படி செய்த வேலைதான் பழைய காருக்கு மரியாதை.

பழைய காரைத் துணி போர்த்தி ஷெட்டில் வைத்திருப்பதைவிட ஓட்டுவதுதான் அதற்கு நல்லது. முழங்கால் வலிக்காமல் இருந்தால்தான் வயதானவர்கள் அதை வெளியே எடுப்பார்கள். அப்படி ஒரு கார் உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த முறை மெக்கானிக் வரும்போது ஆயில் மாற்றுவதோடு இந்தச் சின்ன வேலையையும் கேளுங்கள். பக்கத்தில் நின்று, உங்கள் காலை வைத்தே அளவெடுக்கச் சொல்லுங்கள்.