எல்லா நீர்க்கட்டியும் ஒன்றல்ல
(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



நீங்கள் வாங்கித் தந்த ஸ்கேன் கருவியின் முன் நாங்கள் அதிகமாய்க் கேட்கும் கேள்வி, "கிட்னியில கட்டியா, டாக்டர்?" என்பதே.

64 வயது விவசாயி ஒருவர், வேறோரிடத்தில் எடுத்த ரிப்போர்ட்டில் 'நீர்க்கட்டி' என்றிருந்ததைக் கண்டு, நிலத்தை அடகு வைக்க ஆள் பார்த்துவிட்டு வந்தார். ஜெல் தடவிப் பார்த்தோம். வலது சிறுநீரகத்தில் ஒரே ஒரு கருப்பு வட்டம். மெல்லிய சுவர், உள்ளே தடுப்புகள் இல்லை, வட்டத்துக்குப் பின்புறம் திரை வெளிச்சமாயிருந்தது. உள்ளே இருப்பது வெறும் நீர் என்பதற்கு அதுவே அடையாளம். ஐம்பதைக் கடந்த பலருக்கும் இது இருக்கும். மருந்து வேண்டாமென்று அனுப்பினோம். (சுவர் தடித்திருந்தால் அப்படி அனுப்பமாட்டோம். புற்றுநோயா என்று அறிய சி.டி. ஸ்கேன் வேண்டும்.)

அதே வாரம் 32 வயதுத் தாய் ஒருவர் வந்தார். அவருடைய அண்ணனுக்கு வயது 41, டயாலிசிஸில் இருக்கிறார். தகப்பனாரும் அதே நோயில் இறந்தவர். அண்ணனின் ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் பெரிதாய் வீங்கி, எண்ண முடியாத வட்டங்கள், ஈரலிலும் சில. இது பரம்பரை நோய். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஆணானாலும் பெண்ணானாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

"அண்ணனுக்கு நான் தர்றேன்" என்றார் தங்கை.

அவருக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே வட்டங்கள். இப்படிப்பட்ட குடும்பத்தில், 40 வயதுக்குட்பட்டவருக்கு மொத்தம் மூன்று தெரிந்தால் நோய் உண்டென்போம். இரண்டை வைத்து உண்டென்றும் சொல்ல இயலாது, இல்லையென்றும் சொல்ல இயலாது. இளவயதில் கட்டிகள் மிகச் சிறியவை; நம் கருவிக்குத் தப்பிவிடும். தவறாய்ச் சொல்லிவிட்டால் நோயுள்ள சிறுநீரகத்தையே எடுத்து வைப்போம். தங்கைக்கும் ஒன்றுதான் மிஞ்சும். ஆகவே எம்.ஆர்.ஐ. எடுக்க நகரத்துக்கு அனுப்பினோம். ஏழை நோயாளர் நிதியிலிருந்து கட்டணம் செலுத்தப்பட்டது. ஐந்துக்குக் குறைவாயிருந்தால் அவர் தரலாம். பத்துக்கு மேற்பட்டால் நோய் உறுதி.

17 இருந்தன.

சொல்வது எங்களுக்கு எளிதாயில்லை. அவர் தம்மைப்பற்றிக் கேட்கவேயில்லை. "அப்போ அண்ணனுக்கு யாரு குடுப்பா?" என்றார். அவருடைய இரத்த அழுத்தம் அன்று 150/100. அன்றைக்கே மாத்திரை தொடங்கினோம். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தினால் சிறுநீரகம் கெடுவதைத் தாமதப்படுத்தலாம்.

அவர்களுக்கு மூத்த அக்காள் ஒருவர் உண்டு, வயது 46. நாற்பதைக் கடந்தவருக்கு இரண்டு கட்டிகூட இல்லையென்றால், நம் ஸ்கேன் கருவியே இந்நோய் இல்லையென்று சொல்லிவிடும். மற்றப் பரிசோதனைகள் பிறகு. வருகிற செவ்வாய்க்கிழமை அவர் வருகிறார்.