எல்1 பரம்பரையலகும் நம் வீட்டுப் பெண்களும்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: எக்ஸ் நிறமூர்த்தம் பெண்ணுக்கு இரண்டு, ஆணுக்கு ஒன்று.

அந்த எக்ஸின் நுனியருகே எல்1 என்ற பரம்பரையலகு இருக்கிறது. அது ஆக்கும் புரதம் நரம்புக்கலங்களின் மேற்பரப்பில் நின்று, ஒரு கலம் இன்னொன்றைப் பற்றிக்கொள்ள உதவுகிறது. கருவில் வளரும் நரம்பு நார்கள் இப்படிப் பற்றிப் பற்றித்தான் வழி கண்டு போகின்றன.

அது பழுதானால் ஆண்குழந்தையின் மூளையில் மூளைய முண்ணாண் பாய்பொருள் தேங்கித் தலை பெருக்கலாம். கால்கள் விறைக்கலாம், கைப் பெருவிரல் உள்ளங்கைக்குள் மடிந்திருக்கலாம், பேச்சுப் பிந்தலாம். ஒரே குடும்பத்தில் ஒருவனுக்குக் கடுமையாகவும் மற்றவனுக்கு இலேசாகவும் இருப்பதுண்டு. பிக்கர்ஸ், அடம்ஸ் என்ற இருவர் 1949 இல் இதைப் பரம்பரை நோயாக விவரித்தார்கள். எந்தப் பரம்பரையலகு என்பது 1992 இல்தான் தெரிந்தது. ஏறத்தாழ 30,000 ஆண் பிறப்புகளில் ஒன்று என்பது கணிப்பு.

அரிதுதான். ஆனால் வந்த வீட்டில் பழி முழுவதும் மருமகள் தலையில். கிரகணத்தன்று வெளியே போனாளாம்! சொந்தத்தில் கட்டியதும் இதற்குக் காரணமில்லை. பழுது பெரும்பாலும் தாய்வழி வருகிறது, சிலவேளை புதிதாகவே தோன்றுகிறது. இரண்டிலும் அவள் செய்தது எதுவுமில்லை. அவளுடைய மற்ற எக்ஸ் ஈடுசெய்வதால் அவள் பொதுவாகச் சுகமாகவே இருப்பாள்.

காவியான தாயின் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரும் வாய்ப்பு 50 வீதம். ஒவ்வொரு மகளும் காவியாகும் வாய்ப்பும் அவ்வளவே. ஆகவே அவளுடைய தங்கைக்கும் சின்னம்மாவுக்கும் இது தெரியவேண்டும். நாங்களோ, தங்கைக்குக் கலியாணம் பேசுகிறார்கள் என்று அக்காவின் பிள்ளையின் வருத்தத்தை மூடிவைக்கிறோம். வெள்ளவத்தையிலும் அப்படித்தான், கொட்டாஞ்சேனையிலும் அப்படித்தான், ரொறன்ரோ போனாலும் மாறுவதாகத் தெரியவில்லை.

கர்ப்பம் தரித்தபின் ஸ்கானில் பார்க்கலாம் என்று இருந்துவிட வேண்டாம். 20 வாரத்தில் சரியாகத் தெரிந்த தலை பின்னர் பெருக்கலாம். நம் நாட்டுச் சட்டமோ தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. முன்கூட்டியே தெரிந்தால், நரம்பறுவைச் சிகிச்சை உள்ள இடத்தில் பிரசவத்தை ஒழுங்குசெய்யலாம்.

கொழும்பு மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு 1983 முதல் இயங்குகிறது. ஆலோசனைக்கு அங்கே போகலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். முதலில் சோதிக்க வேண்டியது நோயுள்ள பையனின் இரத்தத்தை. அவனிடம் பழுது எதுவென்று தெரிந்தால், தங்கைக்கு உண்டா இல்லையா என்று தெளிவாகச் சொல்லிவிடலாம்.