மறதியுற்ற முதியோரைப் பேணல்



பிள்ளை வளர்ப்பைப் பற்றி நம்மிடையே நூல்கள் உண்டு, சொற்பொழிவுகளும் உண்டு. நினைவு தளர்ந்த முதியோரைப் பேணுதலோ, அன்புடையார்க்குத் தானே கைவந்துவிடும் என்று விடப்பட்டிருக்கிறது. அன்பு இன்றியமையாததே, ஆயினும் அது மட்டும் போதாது. இதுவும் கற்றுக்கொள்ளவேண்டிய ஒரு பணி என்பதே என் பேச்சின் கருத்து.

யாழ்ப்பாணத்து வழக்கில் இதனை ‘அறளை பெயர்தல்’ என்பர். முதுமையின் இயல்பு என்றே கொள்வர். உண்மையில் இது மூளையைப் பற்றும் நோய். 1906ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் எடுத்துரைத்த நோயே இவ்வகையுள் மிகப் பரவலானது. கொழும்புக்கு வடக்கேயுள்ள ராகமையில் நடத்தப்பெற்று 2003இல் வெளியான ஆய்வொன்று, 65 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் இதனைக் கண்டது. ஆகவே, நாணி மறைத்தற்கு இதில் ஏதுமில்லை. மறதி மிகும்போது மருத்துவரிடம் காட்டுதல் முதற்கடமை. தைரொயிட் குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றால் வரும் மறதி சிகிச்சையால் தணியவும் கூடும்.

வெள்ளவத்தையின் தொடர்மாடிகளில், வடக்கிலிருந்து போர்க்காலத்தில் வந்து குடியேறிய முதியோர் பலர். பொழுது சாயும் வேளையில் தாயொருத்தி, “என்னை வீட்டுக்குக் கொண்டுபோய் விடு” என்கிறாள். “இதுதானே அம்மா வீடு” என்று மகள் பத்து முறை திருத்துகிறாள். பதினோராம் முறை குரல் உயர்கிறது, இருவரும் அழுகின்றனர். தாய் கேட்டது முகவரியை அன்று. அச்சமற்ற ஓர் இடத்தை. “எங்கள் வளவுக் கிணறு நன்னீரோ, உவரோ அம்மா?” என்று கேட்டால், பேச்சு கிணற்றடிக்குச் செல்லும், பதற்றமும் பெரும்பாலும் தணியும். இதில் பொய்யுரையும் இல்லை.

பள்ளியில் நாம் பிழையைத் திருத்துகிறோம். மாணவன் அதனை நாளை நினைவில் வைப்பான் என்னும் நம்பிக்கையால். இங்கே அந்நம்பிக்கைக்கு இடமில்லை. ஆகவே, கற்கவேண்டியவர் நோயாளியல்லர், நாமே.

மொழியையும் கருதவேண்டும். கொட்டாஞ்சேனையில் வாழ்நாளெல்லாம் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் பேசி வணிகம் நடத்திய ஒருவர், நோய் முற்றுகையில், பிற்காலத்தில் கற்ற மொழிகளை முதலில் இழந்து தாய்மொழிக்கே திரும்புதல் உண்டு. சம்பளத்துக்கு வரும் பணியாளருக்குத் தமிழ் தெரியாவிடின் அவர் கேட்பதைக் கொடுப்பார் யார்? தண்ணீர், பசி, நோவு, கழிப்பறை ஆகியவற்றைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களையேனும் பணியாளருக்குக் கற்பித்தல் வேண்டும்.

வேறு சில முறைகளும் உள. ஒரு வேளையில் ஒரு வினாவே கேளுங்கள், விடைக்குக் காத்திருங்கள். குளிப்பும் உணவும் நாடோறும் ஒரே ஒழுங்கில் நிகழட்டும். கழிப்பறைக்கு இரவிலும் விளக்கு எரியட்டும். கீரை ஆய்தல், துணி மடித்தல் போன்ற பழகிய வேலைகளைக் கையிலிருந்து பறித்துவிடாதீர்கள். திடீரெனக் குழப்பம் மிகுந்தால் காய்ச்சலோ, சிறுநீர்த் தொற்றோ என்று மருத்துவரைக் கொண்டு ஆராயுங்கள்.

பேணுவோரையும் மறத்தலாகாது. பல குடும்பங்களில் இச்சுமை மகள் அல்லது மருமகள் ஒருத்தியின் தோளிலேயே விழுகிறது. கடல் கடந்த உடன்பிறந்தார் பணம் அனுப்புகின்றனர். தொலைபேசியில் அறிவுரையும் வழங்குகின்றனர். ஆண்டில் சில வாரங்களேனும் வந்து, அவளுக்கு உறக்கத்தை அளிப்பாராயின், அதுவே பேருதவி. 2001இல் தோன்றிய லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷன், கொழும்பு 10இல் நோயுற்றோர்க்குப் பகல்நேரச் செயற்பாடுகளையும் பேணுவோர்க்குப் பயிற்சியையும் நடத்தி வந்துள்ளது. இத்தகைய பயிற்சி, தமிழில், நம் ஆலய மண்டபங்களிலும் பாடசாலைகளிலும் விடுமுறை நாட்களில் நடைபெறல் வேண்டும்.

நம் பெயரை அவர்கள் மறக்கலாம். நாம் தொடும் கையின் மென்மையையும் குரலின் கடுமையையும் இறுதிவரை உணர்வர். அதனை அறிந்து நடத்தலே இக்கல்வியின் முதற்பாடம்.