வெளிச்சத்தைப் பாருங்கள், பிறகு படம் எடுங்கள்

(நமது டிரஸ்டின் கல்விப் பிரிவு மாணவர்களுக்கும் தாய்மார்களுக்கும் நடத்திய செல்போன் புகைப்படப் பயிற்சி வகுப்பின் நிறைவு நாளில் ஆற்றிய உரை)

 

"டிரஸ்டுக்கும் போட்டோவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் எங்களிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக ஒரு சம்பவத்தைச் சொல்லித் தொடங்குகிறோம்.

கல்வி உதவிக்கு விண்ணப்பித்த ஒரு மாணவி தன் மதிப்பெண் சான்றிதழைப் போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தார். இரவு நேரம், தலைக்கு மேலே டியூப்லைட். படம் எடுத்த கையின் நிழல் தாளின் நடுவில் விழுந்திருந்தது. லேமினேஷன் மேல் ஃபிளாஷ் பட்டு, மொத்த மதிப்பெண் இருந்த இடம் வெள்ளையாகிவிட்டது. மேலே அனுப்பிய விண்ணப்பம் "தெளிவில்லை" என்று திரும்பி வந்தது. கடைசி நாளுக்கு முதல் நாள் மாலை நாங்கள் அவர் வீட்டுக்கே போய் ஜன்னலோரத்தில் வைத்து மறுபடி எடுத்து அனுப்பினோம். அல்ஹம்துலில்லாஹ், உதவி கிடைத்தது. அந்தப் பிள்ளை கஷ்டப்பட்டு வாங்கிய மதிப்பெண், ஒரு மோசமான படத்தால் பறிபோக இருந்தது.

இன்று நம் படம் நாம் போக முடியாத இடங்களுக்கெல்லாம் நமக்கு முன்னால் போகிறது. அலுவலகத்துக்குப் போகிறது, வாடிக்கையாளரிடம் போகிறது, சம்பந்தம் பேசும் வீட்டுக்குப் போகிறது. அங்கே நமக்காகச் சாட்சி சொல்கிறது. சாட்சி தெளிவாகப் பேச வேண்டும், உண்மை பேச வேண்டும். இந்த வகுப்பில் சொன்னதெல்லாம் இதற்குள் அடங்கும்.

முதலில் வெளிச்சம். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம், ஒளியைப் பற்றி 'கிதாபுல் மனாழிர்' என்ற பெரிய நூலை எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய கருத்தை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் பார்க்கிறோம் என்று விளக்கினார். இருட்டறையின் சிறு துவாரம் வழியாக வரும் ஒளியை வைத்துச் சோதனைகள் செய்தார். கேமரா என்ற சொல்லுக்கு லத்தீன் மொழியில் அறை என்றுதான் பொருள். நம் கையில் இருக்கும் போனின் கேமராவும் ஒரு சின்ன இருட்டறைதான்.

அந்த அறையின் பின்சுவரில் ஃபிலிமுக்குப் பதிலாக சென்சார் வந்ததும் டிஜிட்டல் கேமரா பிறந்தது. 1975இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் மாதிரிக் கேமராவின் கறுப்பு வெள்ளைப் படத்தில் மொத்தம் 10,000 புள்ளிகள்தான். ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி ஆனது. இன்று 12 மெகாபிக்சல் போன் 4000க்கு 3000 என்று 1 கோடியே 20 லட்சம் புள்ளிகளைக் கண் இமைப்பதற்குள் பதிகிறது. ஒவ்வொரு புள்ளியும் செய்யும் வேலை தன்மேல் விழுந்த வெளிச்சத்தை அளப்பது மட்டுமே. வெளிச்சம் இல்லாத இடத்தில் எத்தனை கோடிப் புள்ளி இருந்தாலும் படம் நன்றாக வராது. ஆகவே விலை உயர்ந்த போன் வாங்கித் தரச்சொல்லிப் பெற்றோரைத் தொந்தரவு செய்யாதீர்கள். ஜன்னல் பக்கம் போங்கள்.

வெளிச்சத்தை மூன்று வழியில் கட்டுப்படுத்தலாம். குழாயில் குடம் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயின் அகலம் அப்பர்ச்சர். குழாயைத் திறந்து வைத்திருக்கும் நேரம் ஷட்டர் வேகம். பெரும்பாலான போன்களில் குழாயின் அகலத்தை மாற்ற முடியாது, நேரத்தை மாற்றலாம். 1/60 விநாடியை 1/30 ஆக்கினால் இரு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஆனால் அந்த நேரத்தில் கை ஆடினாலும் ஆள் அசைந்தாலும் படம் கலங்கிவிடும். ஓடி விளையாடும் பிள்ளைகளை எடுக்க 1/250 அல்லது அதற்கும் வேகமாக வேண்டும். மூன்றாவது ஐ.எஸ்.ஓ. இது கூட்டங்களில் வைக்கும் ஆம்ப்ளிஃபயர் மாதிரி. சத்தத்தைக் கூட்டினால் பேச்சோடு இரைச்சலும் கூடும். ஐ.எஸ்.ஓ. கூடினால் படத்தில் பொடிப்பொடியாகத் தெரிவது அந்த இரைச்சல்தான். இரவுப் படங்கள் மணல் தூவியது போல் இருப்பதற்குக் காரணம் இதுவே.

படம் எடுக்கும் முன் செய்ய வேண்டியவை மிக எளிது. லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். சமையலறையில் புழங்கும் போனில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், படம் புகை மூட்டமாக வரும். ஆளை ஜன்னலுக்கு எதிரே நிறுத்துங்கள். ஜன்னல் ஆளின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். விரலால் விரித்துப் பெரிதாக்குவதைவிட இரண்டு அடி முன்னால் நடப்பது மேல். எதில் தெளிவு வேண்டுமோ அந்த இடத்தைத் திரையில் தொடுங்கள். வெளிச்சம் கூடுதலாக இருந்தால் அங்கே தோன்றும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். கை நடுங்கினால் முழங்கையை விலாவோடு ஒட்டி வையுங்கள், அல்லது போனை எதிலாவது சாய்த்து வைத்து டைமர் போடுங்கள்.

ஆவணங்களுக்கு வருவோம். தாளை ஜன்னலோரம் தரையிலோ மேசையிலோ, கறுப்புத் துணியின் மேல் விரியுங்கள். ஃபிளாஷை அணையுங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும், உங்கள் நிழல் தாளில் விழக்கூடாது. போன் தாளுக்கு நேர் மேலே, சாயாமல் இருக்க வேண்டும். நான்கு மூலையும் தெரிய வேண்டும். எடுத்த பின் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு எண்ணையும் வாசித்துப் பாருங்கள். 6 என்பது 8 போலத் தெரிந்தால் மறுபடி எடுங்கள். படம் இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும் என்று பல இணைய விண்ணப்பங்கள் கேட்கின்றன. அப்போது முதலில் ஓரங்களை வெட்டுங்கள், பிறகு நீள அகலத்தைக் குறையுங்கள், தரத்தைக் கடைசியாகக் குறையுங்கள். சுருக்கிய பிறகும் ஒருமுறை வாசித்துப் பார்ப்பது அவசியம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். ஆவணங்களை டாக்குமென்டாகத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்.

அடுத்து, வீட்டிலிருந்தபடி தொழில் செய்யும் சகோதரிகள். தையல், எம்ப்ராய்டரி, புர்கா, பலகாரம் என்று பலர் போன் வழியாக விற்கிறீர்கள். ஒரு சகோதரி எங்களிடம் ஒரு பையைக் காட்டினார். அதில் திரும்பி வந்த துப்பட்டாக்கள். படத்தில் மயில் நீலம், கையில் வாங்கினால் வெளிர் நீலம். அவர் ஏமாற்றவில்லை. "கலர் பளிச்சென்று இருக்கட்டும்" என்று ஃபில்டர் போட்டதுதான் காரணம். டியூப்லைட், குண்டு பல்பு, பகல் வெளிச்சம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் உண்டு. நம் கண் அதைச் சரிசெய்துகொள்ளும், கேமரா சில நேரம் ஏமாறும். எனவே இரண்டு வகை விளக்கைக் கலக்காமல் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். துணியின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தும்போது அந்தத் தாள் வெள்ளையாகத் தெரியும்வரை ஒயிட் பேலன்ஸை மாற்றினால் துணியின் நிறமும் சரியாக வந்துவிடும். நிறத்தைக் கூட்டிக் காட்டி விற்பது, நாம் அறியாமலே தராசைச் சாய்ப்பது போன்றது.

இனி படத்தைத் திருத்துவது பற்றி. ஸ்னாப்சீட் போன்ற இலவசச் செயலி போதும், போனிலேயே இருக்கும் எடிட் வசதியும் போதும். ஆனால் வரிசை முக்கியம். மூலப்படத்தை அப்படியே வைத்துவிட்டு ஒரு நகலில் வேலை செய்யுங்கள். ஜேபெக் படத்தை மீண்டும் மீண்டும் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் தேயும். முதலில் சாய்வை நிமிர்த்தி வேண்டாத ஓரங்களை வெட்டுங்கள். அடுத்து ஒயிட் பேலன்ஸ். அடுத்து மொத்த வெளிச்சம், பிறகு இருண்ட இடங்களுக்கு ஷாடோஸ், மிகப் பிரகாசமான இடங்களுக்கு ஹைலைட்ஸ். அதன் பின் கான்ட்ராஸ்ட். கூர்மை கடைசியில், அதுவும் கொஞ்சமாக. ஒன்றை நினைவில் வையுங்கள். கறுத்துப்போன இடத்திலிருந்து ஓரளவு மீட்கலாம். முழு வெள்ளையாக வெளுத்துப்போன இடத்தில் மீட்க எதுவும் இல்லை, அந்த மாணவியின் மதிப்பெண் போல. சந்தேகம் இருந்தால் படத்தைச் சற்று இருட்டாகவே எடுங்கள்.

திருத்தும்போது ஒரு எல்லை இருக்கிறது. இருப்பதைத் தெளிவாகக் காட்டுவது திருத்தம். இல்லாததைக் காட்டுவது வேறு. சம்பந்தம் பேச அனுப்பும் படத்தில் பெண்ணின் நிறத்தை வெளுப்பாக்கி, முகத்தை மெழுகு பொம்மை போலாக்கி அனுப்புகிறோம். நேரில் பார்க்க வந்தவர்கள் முகம் மாறும்போது, காயப்படுவது அந்தப் பிள்ளையின் மனம். அதற்கும் முன்பே, "உன் நிறம் போதாது" என்று வீட்டார் நாமே அவளிடம் சொல்லிவிட்டோம் என்பதை மறக்க வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் இயல்பாக எடுத்த படம் போதும், தாய்மார்களே.

வீட்டில் இருக்கும் பழைய படங்கள், கடிதங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் வியாபாரத்துக்குப் போன பாட்டனார்களின் படங்கள் பல வீடுகளில் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. ஈரமும் பூச்சியும் அவற்றைத் தின்றுகொண்டிருக்கின்றன. கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள். எதிரே தெரியும் பிரதிபலிப்பை மறைக்க, உங்களுக்கும் போனுக்கும் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஸ்கேனர் கிடைத்தால் சிறிய படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். கீறல்களை ஹீலிங் வசதியால் நீக்கலாம். ஆனால் சிதைந்த முகத்தைக் கற்பனையாக வரைந்து தரும் செயலிகளிடம் கவனமாக இருங்கள். அது உங்கள் பாட்டனார் முகமாக இராது. எல்லாவற்றையும்விட அவசரமான வேலை, படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது. படத்தைப் பிறகும் சுத்தம் செய்யலாம். சொல்லத் தெரிந்தவர் போய்விட்டால் யாரிடம் கேட்பது?

கடைசியாக, எங்கள் தவறு ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ரமளானில் அரிசிப் பை வழங்கியபோது படங்கள் எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டோம். நன்கொடை தந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். படங்கள் தெளிவாகவே வந்திருந்தன. இரண்டு நாள் கழித்து ஒரு தாய் வந்தார். "தம்பி, என் மகளுக்கு சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கோம். அந்த வீட்டு குரூப்புக்கும் இந்தப் படம் போயிருக்கு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எங்களால் பதில் பேச முடியவில்லை. அனுப்பிய படத்தைத் திரும்பப் பெற வழியும் இல்லை.

அன்றிலிருந்து உதவி பெறுவோரின் முகத்தை நாங்கள் எடுப்பதில்லை. அடுக்கி வைத்த மூட்டைகளை எடுக்கிறோம், பொருள் வாங்கிய ரசீதை எடுக்கிறோம். கணக்குக் காட்ட அது போதும். எங்கள் பிரசுரத்தில் யாருடைய படம் வந்தாலும் அவரிடம் காட்டி, கேட்ட பின்பே போடுகிறோம்.

பிள்ளைகளே, நீங்களும் கேட்டுவிட்டு எடுங்கள், கேட்டுவிட்டு அனுப்புங்கள். கேமரா அமைப்பில் லொகேஷனை அணைத்து வையுங்கள். இல்லையென்றால் எடுத்த இடத்தின் விவரம் படத்துக்குள்ளேயே பதியும், டாக்குமென்டாக அனுப்பும்போது அதுவும் சேர்ந்து போகும். யாராவது உங்கள் படத்தை மாற்றி மிரட்டினால் பயந்து ஒளியாதீர்கள், பணம் கொடுக்காதீர்கள். வந்த செய்திகளை அழிக்காமல் வைத்து வீட்டில் சொல்லுங்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம், மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். பெற்றோர்களே, பிள்ளை வந்து சொல்லும்போது முதலில் திட்டாதீர்கள். திட்டு விழும் என்ற பயம்தான் மிரட்டுபவனுக்குத் துணை.

இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு வேலை செய்யுங்கள். முக்கிய ஆவணங்களைப் பகல் வெளிச்சத்தில் தெளிவாக எடுத்து, போனில் ஒன்று, வெளியே ஒரு பென்டிரைவில் ஒன்று என்று வையுங்கள். வீட்டின் பழைய படம் ஒன்றை எடுத்து அதில் இருப்பவர்கள் பெயரை எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் டிரஸ்டின் கல்விப் பிரிவுக்கு வாருங்கள், சேர்ந்து செய்வோம், இன்ஷா அல்லாஹ்.

பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. வஸ்ஸலாம்.