நாற்பதா, ஐம்பதா?

இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் என் கிளினிக். பூக்கட்டும் அம்மா ஒருவர், வயது 46, விரலெல்லாம் நார்ப்பச்சை, வந்து உட்கார்ந்தார். "டாக்டர், மேமோகிராமுக்கு லண்டன் அக்கா அம்பதுங்கிறா. அமெரிக்கா நாத்தனார் நாப்பத்தஞ்சுங்கிறா. இங்க நாப்பதுங்கிறாங்க. எங்க மூணு பேருக்கும் மாரு வேற வேறயா?"

மூவர் சொன்னதும் சரிதான். பிரிட்டன் 50 வயதிலிருந்து மூன்றாண்டுக்கு ஒருமுறை அழைக்கிறது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 45 என்கிறது. அந்நாட்டின் தடுப்புப் பணிக்குழுவோ 2009-ல் 50 என்றது, 2024-ல் 40 என்று மாற்றியது. ஆய்வுகள் பெரும்பாலும் ஒன்றே. நாற்பதுகளில் மார்பகத் திசு அடர்த்தி அதிகம். வீண் பயமும் ஊசிப் பரிசோதனையும் கூடும். சில உயிர்களும் பிழைக்கும். எதற்கு எவ்வளவு எடை என்பதில்தான் தகராறு.

2002-ல் திட்டம் தொடங்கிய நம் சிங்கப்பூர், 50 முதல் 69 வரை ஈராண்டுக்கு ஒருமுறை என்கிறது. நாற்பதுகளில் இருப்போர் டாக்டரிடம் பேசி முடிவெடுக்க வேண்டும்; அந்த அம்மா கேள்விப்பட்ட நாற்பது இதுதான். அந்த டாக்டர் இனி நீங்கள்.

நோயாளியிடம் எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதில், நான் படித்தபோது 1957-ன் போலம் தீர்ப்புதான் வேதம்: சக மருத்துவர்கள் ஏற்றால் போதும். 2017-ல் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம், நோயாளிக்கு எது முக்கியம் என்று பார்க்கச் சொன்னது. பின்னர் ஓர் ஊசியின் பக்கவிளைவைச் சொல்லாததற்காக ஒரு மருத்துவருக்கு ஒரு லட்சம் வெள்ளி அபராதம். ஊரெங்கும் டாக்டர்கள் மிரண்டார்கள். 2019-ல் நீதிமன்றமே அதை ரத்து செய்தது. 2022 ஜூலை முதல் புதிய சட்டம்: சக மருத்துவர் கருத்தே அளவுகோல், ஆனால் முடிவெடுக்க அந்த நோயாளிக்கு நியாயமாகத் தேவைப்படும் விவரத்தைச் சொல்லியிருக்க வேண்டும்.

வழக்குக்குப் பயந்து எல்லாருக்கும் பரிசோதனை எழுதுவதும், வழிகாட்டியைக் காட்டித் திருப்பி அனுப்புவதும் ஒன்றே. இரண்டிலும் அந்த அம்மாவிடம் யாரும் பேசவில்லை. நான் குடும்பத்தைப் பற்றிக் கேட்டேன். "சித்திக்கு 48-ல வந்துச்சு" என்றார். எந்த நாட்டு வழிகாட்டிக்கும் அந்தச் சித்தியைத் தெரியாது. லாபம், நட்டம் இரண்டையும் அவர் தமிழிலேயே சொன்னேன். பரிசோதனை வேண்டுமென்று அவரே முடிவு செய்தார்.

ஆகவே, கேளுங்கள், புரியும் மொழியில் சொல்லுங்கள், சொன்னதை இரண்டு வரி எழுதிவையுங்கள். வழக்கு வந்தாலும் உங்களைக் காப்பது அதுதான். இன்று இங்கே கைதட்டும் உங்கள் அம்மாவிடமிருந்தே தொடங்குங்கள்.