இளம் பந்துவீச்சாளனை மதிப்பிடுதல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சமயச் சொற்பொழிவுகள் நிகழும் மேடையில் பந்துவீச்சைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். ஒருவனை ஆராய்ந்து தேர்வதற்கெனத் 'தெரிந்து தெளிதல்' என்று வள்ளுவப் பெருந்தகை ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். நம் தோட்டத்துப் பையன் ஒருவன் நன்றாகப் பந்து வீசுகிறான். அவன் எதிர்காலத்தைப் பற்றி நாம் ஒரு வார்த்தை சொல்லப் போகிறோம். அங்கேயும் அந்த ஆராய்ச்சி வேண்டுமன்றோ?

நம் வார்த்தை சிறிய காரியமன்று. பதினைந்து வயதில் "இவன் எதற்கும் ஆகான்" என்று சொன்னால், பையன் மனமுடைந்து கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போய்விடுகிறான். "இவன் இன்னொரு முரளி" என்று தோளில் தூக்கிக் கொண்டாடினாலோ, புத்தகத்தை மூடிவிட்டு இரண்டு வருஷம் ஆடித் திரிந்து, பிறகு அதே கடைக்குத்தான் போகிறான். பிழையான தீர்ப்பு எதுவாயினும் கொண்டுபோய் விடும் வாசல் ஒன்றே.

முரளி என்றோம். அவர் கதையையே சற்று ஆராய்வோம். முத்தையா முரளிதரன் 1972 ஏப்ரல் 17 இல் கண்டியில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தபோது முரளி மிதவேகமாகவே பந்து வீசினார். பதினான்கு வயதளவில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ அவரைச் சுழற்பந்துக்கு மாறச் சொன்னார். 1990-91 பருவத்தில் பாடசாலை ஆட்டங்களில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகள் அவருக்குக் கிடைத்தன.

ஆனால் 1991 இல் இலங்கை 'ஏ' அணியுடன் இங்கிலாந்து சென்று ஐந்து ஆட்டங்களில் ஆடியபோது, ஒரு விக்கெட்டாவது கிடைக்கவில்லை. அந்தக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். தேர்வாளர்கள் அப்படிச் செய்யவில்லை. 1992 ஓகஸ்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் முதல் டெஸ்ட் ஆடினார். 2010 ஜூலை 22 இல் காலியில் எண்ணூறாவது விக்கெட்டையும் வீழ்த்தி டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

கண்ணால் கண்டதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வதும் ஆபத்தே. 1995 டிசம்பர் 26 இல் மெல்பேண் மைதானத்தில் நடுவர் டரல் ஹெயார், முரளி பந்தை எறிகிறார் என்று மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை 'நோ போல்' அறிவித்தார். முரளியின் முழங்கை பிறப்பிலேயே முழுவதும் நீளாதது. கை வளைந்திருப்பது குற்றமன்று. வீசும்போது அது நிமிர்வதே குற்றம். 1996 இல் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் பல்கலைக்கழக அறிஞர்கள் அளந்து பார்த்து, எறிவதுபோலத் தோன்றுவது கண்ணின் மயக்கம் என்றனர். பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சியில் பெரும்பாலான வீச்சாளர்களின் கையும் சிறிது நிமிர்வது தெரிந்தது. 2005 முதல் பதினைந்து பாகை வரை நிமிரலாம் என்று விதி செய்தார்கள்.

இனி, வேகத்தைக் கண்டு மயங்குவோர் உண்டு. அமெரிக்காவில் பேஸ்போல் என்றோர் ஆட்டம். நம் நாட்டு எல்லேக்கு உறவானது என்று வைத்துக்கொள்ளலாம். 2008 இல் இந்தியாவில் போட்டி வைத்து வேகமாகப் பந்து எறிவோரைத் தேடினார்கள். ஈட்டி எறிந்து பழகிய ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற உத்தரப் பிரதேச இளைஞர் இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டு, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கழகத்தில் ஒப்பந்தமானார்கள். ரிங்கு மணிக்கு எண்பத்தேழு மைல் வேகத்தில் எறிந்தவர். ஆயினும் இருவருமே முதல்தர லீக்கை எட்டவில்லை. உழைப்பில் குறைவில்லை, வேகம் ஒன்றே முழு வீச்சாளனை ஆக்கிவிடாது.

தமிழ்நாட்டிலே சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டியில் பிறந்த நடராஜன் கூலிக் குடும்பத்துப் பிள்ளை. டென்னிஸ் பந்தில் பழகி, இருபது வயதை அண்டியே கடினப்பந்தை எடுத்தவர். 2014-15 பருவத்தில் ரஞ்சிப் போட்டியில் புகுந்த உடனேயே அவர் வீச்சிலும் குறை கூறப்பட்டது. ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ் அவரைக் கைவிடவில்லை. வீச்சைத் திருத்திக்கொண்டு வந்து, 2020 டிசம்பரில் கன்பராவில் இந்தியாவுக்காக ஆடினார். திருத்தக்கூடிய குறையைக் கண்டதும் ஆளையே கழித்துவிடலாகாது என்பது இதனால் விளங்கும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நமக்கு வேகமானி இல்லை. பிரட்டுக்களமும் லயத்து வாசலுமே மைதானம். ஆயினும் நான்கு காரியங்களை நாமே செய்யலாம்.

முதலாவது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வீச வல்லவனா என்று பார்க்க வேண்டும். பந்து விழவேண்டிய இடத்தில் ஒரு தாளை வைத்து முப்பது பந்து வீசச் சொல்லுங்கள். முதல் பத்தில் எத்தனை பட்டது, கடைசிப் பத்தில் எத்தனை பட்டது என்று எழுதுங்கள். ஒரு மாதத்தில் மூன்று நாள் இப்படிச் செய்தால், ஒரு நாளைய அதிர்ஷ்டம் எது, நிலைத்த திறமை எது என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது, வளர்த்தி. சீக்கிரம் வளர்ந்த பையன் பதின்மூன்று வயதில் எல்லாரையும் வீழ்த்துவான். மற்றவர்கள் வளர்ந்ததும் அந்தச் சிறப்பு மறையலாம். சிறிய உருவத்தோடு புத்தியால் வீசுகிறவனைக் குறித்துக்கொள்ளுங்கள். மென்பந்துப் போட்டியில் எடுத்த விக்கெட்டுகளையும் கடினப்பந்தில் சோதித்த பிறகே நம்புங்கள்.

மூன்றாவது, கற்கும் குணம். ஒரே ஒரு திருத்தம் சொல்லிக் கொடுத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். சொன்னதைப் பயின்று வந்தவன் மேலும் வளர்வான்.

நான்காவது, அடி வாங்கிய பின் வீசும் பந்து. சிக்சர் அடிக்கப்பட்டதும் ஆத்திரத்தில் வீசுகிறானா, யோசித்து வீசுகிறானா? விக்கெட் விழுந்த பந்தைக் காட்டிலும் அந்தப் பந்தே அவனை நமக்குக் காட்டும்.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். இளந்தேயிலையில் கொழுந்து பறிக்க நாம் அவசரப்படுவதில்லை. கன்று வேரூன்றிக் கிளை பரப்பும் வரை காத்திருக்கிறோம். பிள்ளையின் தோளும் முதுகும் அப்படியே. பொங்கல் விளையாட்டுப் போட்டியில் வெல்வதற்காக ஒரே பையனைக் காலை முதல் மாலை வரை வீசவைப்பது அவன் உடம்பைக் கெடுப்பதாகும். அமெரிக்கச் சிறுவர் பேஸ்போலில் 2007 முதல் எண்ணிக்கை விதி உண்டு. பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு நாளில் எண்பத்தைந்து பந்துக்கு மேல் எறியக்கூடாது. நாமும் எண்ணுவோம். வலிக்கிறது என்றால் "ஆம்பிளைப் பிள்ளை தாங்கிக்கொள்" என்னாமல், பந்தை வாங்கி வைத்துவிடுவோம்.

ராதெல்லயிலும் தரவளையிலும் துரைமார் கழகம் கூடி ஆடிய நாட்களில், நம்மவர் பிள்ளைகளை மதிப்பிட யாரும் வரவில்லை. இன்று அந்தப் பொறுப்பு நம் கையிலேயே இருக்கிறது. ஆகவே தோட்டத்துக்கு ஒரு குறிப்புப் புத்தகம் வைப்போம். பையனின் பெயர், பிறந்த திகதி, வீசிய பந்துகள், கண்ட முன்னேற்றம் ஆகியவற்றோடு பாடசாலைக்கு வந்த நாட்களையும் எழுதுவோம். இரண்டு வருஷக் குறிப்பைப் பார்த்த பின்பே நகரத்துப் பயிற்றுநரிடம் அழைத்துச் செல்வோம். அங்கே அவன் தேறினால் மலையகத்துக்குப் பெருமை. தேறாவிட்டாலும் படிப்புக் கெடாமல், உடம்பு கெடாமல், தலை நிமிர்ந்து வீடு திரும்புவான்.

அப்பணியை நம் சங்கத்து வாலிபர்கள் இவ்வாண்டே தொடங்க வேண்டும்.