ஒரு ரூபாய்க் கணக்கு

(முன்னாள் மாணவர் சங்க விழாவில் ஆற்றிய உரை)



நான் தொண்டாமுத்தூர்க்காரன். விடியக்காலையில் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத்தான் காலேஜுக்கு பஸ் பிடிப்பேன். இன்ஜினீயராகி வேலைக்குப் போனதும் அம்மாவிடம், "மாட்டை வித்துப்போடலாம்மா, மாசாமாசம் நான் பணம் அனுப்பறேன்" என்றேன். "உன்ற பணம் உன்னுது கண்ணு. பால் பணம் என்னுது" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. திரிபுவன்தாஸ் படேலைப் பற்றிப் படித்த பிறகே அந்தச் சொல் புரிந்தது.

குஜராத்திலுள்ள ஆனந்த் நகரில் 1903-இல் பிறந்த விவசாயிகள் தலைவர் அவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். அங்கே கைரா மாவட்டத்தில் ஒரே கம்பெனி பாலை வாங்கியது. அது சொன்னதுதான் விலை. சர்தார் படேல் காட்டிய வழியில், 1946-இல் விவசாயிகள் 15 நாள் பால் ஊற்ற மறுத்தார்கள். ஊர் ஊராகச் சென்று அவர்களைச் சேர்த்தவர் திரிபுவன்தாஸ். அவ்வாண்டு டிசம்பர் 14-இல் சங்கம் பதிவானது. தொடக்கத்தில் 2 கிராமச் சங்கங்கள், நாளுக்கு 247 லிட்டர் பால். அதுதான் பின்னாளில் அமுல்.

1949-இல் ஆனந்தில் அரசு வேலையை விட்டுக் கிளம்பத் தயாராக இருந்தார் ஓர் இளம் இன்ஜினீயர். நம்ம கோபிசெட்டிபாளையத்தில் பள்ளிப் படிப்பு, கிண்டியில் பொறியியல் முடித்த வர்கீஸ் குரியன்தானுங்க அவர். சங்கத்தின் பழைய இயந்திரங்களைச் சரிசெய்து கொடுக்கும்படி திரிபுவன்தாஸ் கேட்டுக்கொண்டார். அதற்காகத் தங்கியவர் ஆயுள் முழுக்க அங்கேயே இருந்துவிட்டார். விவசாயிகளின் நம்பிக்கையைத் தலைவர் காத்தார். தொழில்நுட்பத்தைக் குரியனிடம் விட்டுவிட்டார். எருமைப் பாலில் பவுடர் செய்ய முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்னதை, 1955-இல் அங்கே செய்தே காட்டினார்கள். 1963-இல் மகசேசே விருதைப் பகிர்ந்துகொண்டவர்களில் இவ்விருவரும் உண்டு.

1970-களின் தொடக்கத்தில் திரிபுவன்தாஸ் தாமாகவே தலைவர் பதவியை விட்டார். 6 லட்சம் உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டு, 6 லட்சம் ரூபாயை அவர் கையில் கொடுத்தார்கள். அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. தாய்சேய் நலத்துக்கு ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 1994-இல் மறைந்தார்.

அம்மா சொன்னதும் இந்தக் கணக்குதான். மகன் அனுப்புவது உதவி. சொசைட்டிப் பணம் உரிமை. அதில் அவருக்குப் பெயருண்டு, பங்குண்டு, ஓட்டுண்டு.

நம் பக்கம் தோட்டங்கள் சைட்டாகிக்கொண்டிருக்கின்றன. படித்த நாமெல்லாம் வெளியூர் போய்விட்டோம். நாளைக்குச் சொசைட்டிக் கணக்கை யார் கேட்பார்கள்? அடுத்தவரைச் சொல்லவில்லைங்க, நானே இதுவரை ஒரு பொதுக்குழுவுக்கும் போனதில்லை. இந்த வருஷம் அம்மாவோடு போய் உட்காரப் போகிறேன். நீங்களும் உங்கள் ஊர்ச் சங்கத்துக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். ரிப்பேருக்கு ஏதாவது மிஷின் காத்திருக்கும்.